காய்ச்சல் போன பிறகு வரும் காய்ச்சல்



வேலியே பயிரை மேய்ந்தது போல என்று நம் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். ஆடு மேய்ந்தால் விரட்டலாம், மாடு மேய்ந்தால் கட்டிப் போடலாம். காவலுக்கு வைத்த வேலியே பயிரைத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது? நம் பிள்ளைகளின் உடம்புக்குள்ளேயே இப்படி ஒரு வேலி இருக்கிறது. நோய்க் கிருமி வந்தால் அதை எதிர்த்து நின்று விரட்டுவது அதன் வேலை. சில சமயம், கிருமி ஓடிப் போன பிறகும் அந்த வேலி சும்மா இருப்பதில்லை. காக்க வேண்டிய உடம்பையே திருப்பித் தாக்குகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை என்று எழுத வேண்டிய இடத்தில் பிள்ளை வியாதி எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். காரணம் இருக்கிறது. நிபோங் திபால், சுங்கை பாக்காப், தாசெக் குளுகோர் பக்கம் கூட்டம் போடும்போதெல்லாம், கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் ஒதுங்கி நின்று நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றித்தான். "காய்ச்சல்தான் விட்டுப் போச்சேங்கய்யா, அப்புறம் ஏன் பிள்ள இப்படிச் சுருண்டு படுத்துக்கிது?" என்று ஓர் அக்கா கேட்டார். நாம் டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆனாலும் படித்தவர்களைக் கேட்டு, புத்தகத்தைப் பார்த்து, நம் பாஷையில் எடுத்துச் சொல்வது நம் வேலைதானே.

டெங்கி கற்றுத் தந்த பாடம்

இந்த விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்கு மற்றவர்களைவிட முன் அனுபவம் உண்டு. இந்த நாட்டில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றி முதன்முதலில் டாக்டர்கள் எழுதி வைத்தது 1902ஆம் ஆண்டில், பினாங்கைப் பற்றித்தான். அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 1962ல், ரத்தக் கசிவோடு வரும் கடுமையான டெங்கி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இதே பினாங்கில்தான். அதற்கு முன்பு 1950களில் மணிலாவிலும் பேங்காக்கிலும் அந்த நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தது.

அந்தக் காலத்தில் டாக்டர்களைக் குழப்பியது ஒன்று உண்டு. டெங்கி என்றால் காய்ச்சல், எலும்பு முறிகிற மாதிரி வலி. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். அப்படியிருக்க, சில பிள்ளைகள் மட்டும் ஏன் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் கை கால் சில்லிட்டு மயங்கி விழுகிறார்கள்?

1960களில் பேங்காக்கில் வேலை செய்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர் இதைத் துருவிப் பார்த்தார். டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது. மற்ற மூன்றும் வரலாம். மயங்கி விழுந்த பிள்ளைகளில் மிகப் பலருக்கு அது இரண்டாவது டெங்கி என்பதை அவர் கண்டார். முதல் தடவை உடம்பு தயாரித்து வைத்திருந்த எதிர்ப்புச் சக்தி, இரண்டாவது வகைக் கிருமியைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் கொல்ல முடிவதில்லை. பிடித்த கையோடு அதை ரத்த அணுவுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டு விடுகிறது. திருடனைப் பிடித்த ஜாகா அவனை வீட்டுக்குள்ளேயே கூட்டி வந்து விட்ட கதை. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளில் சிலருக்கு முதல் டெங்கியே கடுமையாக இருந்தது. தாயிடமிருந்து வந்த பழைய எதிர்ப்புச் சக்தி அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இன்றைக்கு டெங்கி விஷயத்தில் நம் தாய்மார்களுக்கு ஒரு பாடம் தெரியும். காய்ச்சல் இறங்கினால் கண்டம் தாண்டியாச்சு என்று நினைக்கக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். டெங்கியில் ஆபத்து ஓரிரு நாளில் வருகிறது. நாம் சொல்லப் போகும் நோயில் அது வாரக் கணக்கில் தாமதித்து வருகிறது.

2020ல் டாக்டர்கள் கண்டது

கோவிட் பெருந்தொற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் 2020 ஜனவரி 25ஆம் தேதி முதல் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்போது எல்லாரும் சொன்ன ஆறுதல் என்ன? "பெரியவங்களுக்குத்தான் ஆபத்து, பிள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யாது." அதில் பெரும்பகுதி உண்மைதான். மிகப் பல பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சளி, லேசான காய்ச்சல்; பலருக்கு அதுவும் இல்லை.

2020 ஏப்ரல் மாதம் நடுவில் லண்டனில் ஒரு பெரிய பிள்ளைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். பத்தே நாளில் எட்டுப் பிள்ளைகள் விடாத காய்ச்சலோடும், வயிற்று வலியோடும், உடம்பெல்லாம் சிவந்த தடிப்போடும் வந்து சேர்ந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. இருதயம் களைத்துப் போயிருந்தது. அவர்களில் ஒரு பையன் இறந்து விட்டான். இத்தாலியில் பெர்காமோ நகரத்திலும் அதே கதை. அங்கே முந்தைய ஐந்து ஆண்டுகளில் 19 பிள்ளைகளுக்கு வந்த மாதிரியான நோய், இரண்டே மாதத்தில் 10 பிள்ளைகளுக்கு வந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் கோவிட் கிருமி இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் கிருமியை எதிர்த்த அடையாளம் இருந்தது. அதாவது, கிருமி வந்து போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. அடிதடி முடிந்து எதிரி ஓடி விட்டான். படை மட்டும் கலையாமல் ஊருக்குள் நின்று கொண்டிருந்தது.

2020 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கு இலக்கணம் வகுத்தது. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக எம்.ஐ.எஸ்.-சி என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் பல உறுப்புகளில் வரும் அழற்சி நோய் என்பது அதன் அர்த்தம். கோவிட் வந்து இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் வருகிறது. ஐந்து வயதைத் தாண்டிய, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கே அதிகம் வந்தது.

சென்னைக்கும் வந்தது

வெள்ளைக்காரர் ஊரோடு இது நின்று விடவில்லை. 2020லேயே சென்னையில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை டாக்டர்கள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை இந்த நோயிலிருந்து காப்பாற்றி, அதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து இதைப் பற்றி வந்த முதல் எழுத்துகளில் அது ஒன்று. அதே ஆண்டு, சென்னை ஆஸ்பத்திரிகளில் பார்த்த 19 பிள்ளைகளின் விவரத்தைத் தொகுத்து இன்னொரு கட்டுரையும் வந்தது. மலேசியாவிலும் இந்த நோய் கண்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. இது அபூர்வமான நோய். முதல் ஆண்டில் அமெரிக்காவில் போட்ட கணக்குப்படி, கோவிட் கண்ட 3,000 முதல் 4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வந்தது. அந்த நாட்டில் மொத்தம் 9,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் பிழைத்தார்கள். பிழைத்தார்கள் என்றால், நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்காவில் இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளும், லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்க முடியாத அப்பா அம்மா, நெருக்கமான வீடு, கிருமி எளிதாக உள்ளே வரும் வாழ்க்கை என்பது அதற்கு ஒரு காரணம். செம்பனை வெட்டுகிறவரும், பால் எடுக்கிறவரும், தோட்டம் விற்றுப் போன பிறகு பிறை பேக்டரியில் நிற்கிறவரும் வீட்டிலிருந்தா வேலை செய்ய முடியும்?

முள் குத்திய விரல்

அழற்சி, அழற்சி என்கிறோமே, அது என்ன? செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விரலில் செம்பனை முள் குத்தினால் மறுநாள் என்ன ஆகிறது? சிவக்கிறது, வீங்குகிறது, சூடேறுகிறது, விண் விண் என்று வலிக்கிறது. அந்தச் சிவப்பும் வீக்கமும் முள் செய்த வேலை இல்லை. முள்ளோடு உள்ளே வந்த கிருமியை ஒழிக்க உடம்பு அனுப்பிய படை செய்கிற வேலை. ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கிறது. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அந்த அணுக்கள் ஒன்றையொன்று கூவி அழைத்துக்கொள்ள ஒருவகைச் சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் படை கலைகிறது, வீக்கம் வற்றுகிறது.

விரலில் வீக்கம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். அதே காரியம் இருதயத்திலும், குடலிலும், தோலிலும், கண்ணிலும், ரத்தக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் நடந்தால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? எம்.ஐ.எஸ்.-சி நோயில் நடப்பது அதுதான்.

படை ஏன் கலையவில்லை?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒருவகைக் காவல்காரர்கள் உண்டு. ஒவ்வொரு காவல்காரனுக்கும் ஒரு குறிப்பிட்ட எதிரியின் முகம்தான் தெரியும். அந்த முகத்தைப் பார்த்தால் மட்டுமே கையை ஓங்குவான். இந்த நோய் கடுமையாகக் கண்ட பிள்ளைகள் பலரிடம் ஒரே வகைச் சட்டை போட்ட டி அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகியிருந்ததை 2020, 2021ஆம் ஆண்டுகளில் கண்டார்கள். பெரட்டுக் களத்தில் ஒரே கங்காணியின் ஆட்கள் அத்தனை பேரையும், வேலை இருக்கிறதா என்று பார்க்காமல், ஒரே மணியடித்துக் கூப்பிட்டு விட்ட மாதிரி. புண்ணில் சேரும் சிலவகைக் கிருமிகளின் நஞ்சும் இப்படித்தான் மணியடிக்கும் என்பது டாக்டர்களுக்கு முன்பே தெரியும்.

யார் அந்த மணியை அடித்தது? 2021ல் அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து டாக்டர்கள் ஒரு துப்புக் கொடுத்தார்கள். மூக்கிலிருந்து கிருமி போன பிறகும், சில பிள்ளைகளின் குடலில் அது வாரக் கணக்கில் ஒளிந்திருந்தது. குடலின் சுவர் தளர்ந்து, கிருமியின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து கொண்டிருந்தன. பிள்ளைக்கு வயிற்று வலியும் வயிற்றுப் போக்கும் ஏன் முன்னால் வருகிறது என்பதோடு இது பொருந்துகிறது.

2022ல் இன்னொரு செய்தி வந்தது. 558 பிள்ளைகளைச் சோதித்ததில் ஐந்து பேருக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. கிருமி வந்தால் எழும் கூச்சலை அடக்கி வைக்கிற கடிவாளம் அவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை. நூற்றில் ஒருவருக்கு இது காரணமாக இருக்கலாம்.

2024ல் வெளிவந்த ஆராய்ச்சி நம் பழமொழியை அப்படியே நிரூபித்தது. கோவிட் கிருமியின் உடம்பில் ஒரு சிறு பகுதியும், நம் உடம்புக்குச் சொந்தமான ஒரு புரதத்தின் சிறு பகுதியும் அச்சு அசலாக ஒரே சாயலில் இருக்கின்றன. கிருமியை எதிர்க்கத் தயாரான எதிர்ப்பொருள்கள், டாக்டர்கள் ஆன்டிபாடி என்று சொல்வது, அந்தச் சாயலைப் பார்த்து ஏமாந்து சொந்தப் புரதத்தின் மேலேயே பாய்கின்றன. திருடனைப் போல முகம் உள்ள பாவத்துக்கு ஊர்க்காரன் ஒருவன் அடி வாங்குகிறான். சோதித்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேரிடம் இந்த ஏமாந்த எதிர்ப்பொருள் இருந்தது.

2025ல் பெர்லின் நகரத்து சாரிட்டே ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு சமிக்ஞைப் பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, காவல்காரர்களின் கையைக் கட்டிப் போடுகிறது. சமயம் பார்த்து, உடம்பில் பல காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த எப்ஸ்டீன் பார் என்ற பழைய கிருமி எழுந்து கொள்கிறது. அதன் மேல் நடக்கும் குழம்பிய சண்டையில் உடம்பு அடிபடுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். ஒரே காரணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தவில்லை. வழி பல, போய்ச் சேரும் இடம் ஒன்று. பிள்ளை பலவீனமாகப் பிறந்ததோ, தாய் கவனிக்காமல் விட்டதோ இதற்குக் காரணம் இல்லை. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வந்தது. அதனால் எந்தத் தாயையும் யாரும் ஏச வேண்டாம்.

மருந்து உண்டு

இதற்கு மருந்து உண்டு என்பது நல்ல செய்தி. அந்த மருந்தின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1961ல் டோக்கியோவில் தொமிசாகு கவாசாகி என்ற பிள்ளைகள் டாக்டர், நாலு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தார். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆறு ஆண்டு பொறுமையாகக் குறித்து வைத்து, 1967ல் 50 பிள்ளைகளின் விவரத்தை எழுதினார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களை அது பலூன் மாதிரி உப்ப வைக்கும் என்பது பிறகு தெரிந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் கதி. இன்றைக்கு அந்த நோய்க்கு அவர் பெயர்தான். புதிய நோயைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த 2020 ஜூன் மாதம் அவர் காலமானார்.

கவாசாகி நோய்க்கு 1984ல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு சிகிச்சையைச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை மட்டும் பிரித்தெடுத்து, பிள்ளையின் ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்த ரத்தம், வெறி பிடித்த படையை அமைதிப்படுத்துகிறது. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் ஏற்றினால் குழாய் உப்பும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. எம்.ஐ.எஸ்.-சி நோய்க்கும் இதே மருந்தைத்தான் டாக்டர்கள் எடுத்தார்கள். கூடவே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இருதயம் தளர்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வாரத்திலேயே தேறினார்கள். சில மாதத்தில் இருதயமும் பழைய நிலைக்கு வந்தது. அதுவரை ஓட்டம், பந்தாட்டம் கூடாது என்று டாக்டர் சொல்வார்; அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

தடுப்பூசியும் உதவியது. 12 முதல் 18 வயதுள்ளவர்கள் இரண்டு ஊசியும் போட்டிருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடு குறைந்தது என்று அமெரிக்காவில் 2022ல் கணக்கு வந்தது. நம் நாட்டில் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில் ஊசி போடத் தொடங்கினார்கள். கிருமியும் உருமாறி விட்டது. இன்றைக்கு எம்.ஐ.எஸ்.-சி வெகுவாகக் குறைந்து விட்டது. ஆனால் கவாசாகி நோய் இருக்கிறது, டெங்கி இருக்கிறது, நாளைக்கு வேறு ஒரு கிருமியும் வரலாம். அதனால்தான் பாடத்தை மறக்கக் கூடாது என்கிறோம்.

வேப்பிலையும் ஆஸ்பத்திரியும்

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பும் கண் சிவப்பும் கண்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை உள்ளே படுக்க வைத்து, யாரையும் அண்ட விடுவதில்லை. பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. மாரியம்மனைக் கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கீழே சொல்வதை மனதில் வையுங்கள்:

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் காத்திருக்க வேண்டாம். கூடவே கண் பீளையில்லாமல் சிவப்பது, உதடு சிவந்து வெடிப்பது, கை கால் வீங்குவது, தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது, விடாத வயிற்று வலி, வாந்தி, பேதி என்று ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு பிள்ளை தெளிவாக வேண்டும். தெளியாமல் சோர்ந்து சுருண்டால், கை கால் சில்லிட்டால், மூச்சு வாங்கினால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், பல் ஈறில் ரத்தம் கண்டால் ராத்திரி என்று பார்க்காதீர்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் போதும். கடையில் வாங்கி ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். கவாசாகி போன்ற நோய்க்கு டாக்டரே ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பது உண்டு. அது வேறு கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேதியை எழுதி வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். முதல் கிருமி போய் ஒரு மாதம் ஆன பிறகு வருகிற நோயில், சோதனைக் குச்சி கிருமி இல்லை என்று சொல்லும். பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிற டாக்டருக்குப் போன மாதம் உங்கள் வீட்டில் யார் இருமினார்கள் என்று தெரியாது. அந்தச் சாட்சி தாயிடம் மட்டும்தான் இருக்கிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டியில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள், விட்ட நாள், வீட்டில் வேறு யாருக்காவது சளி, கோவிட், டெங்கி வந்த நாள் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. "டாக்டர், இவனுக்கு நாலு வாரத்துக்கு முன்னால ஒரு காய்ச்சல் வந்து போச்சு" என்ற ஒரு வாக்கியம், பல சோதனை சொல்லாததைச் சொல்லி விடும்.

ஒரு நாள் சம்பளம்

சொல்வது சுலபம், செய்வது யார் என்று கேட்பீர்கள். முதல் தடவை காய்ச்சலுக்கு ஒரு நாள் வேலை போயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, மறுநாள் பெரட்டுக்கு வந்து விட்டோம். மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல். மறுபடி லீவு கேட்டால் "போன மாசந்தானே எடுத்தே" என்கிறார் கிராணி. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு விட்டுத் தாய் காட்டுக்குப் போகிறாள். இந்த நோயில் ஒரு நாள் தாமதம் எவ்வளவு பெரிய தாமதம் என்பதை மேலே படித்தீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் தொழிலாளிக்கு அந்த ஒரு வெள்ளியா செலவு? அன்றைய சம்பளம், கார் வாடகை, ஜார்ஜ் டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் பாலமோ பெரியோ தாண்டிப் போக வேண்டிய செலவு, சாப்பாடு எல்லாம் உண்டு.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்குச் சுகமில்லை என்றால் வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்புத் தருகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் உண்டு. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பை 98 நாளாக உயர்த்தினார்கள். தகப்பனுக்கும் 7 நாள் கொடுத்தார்கள். இதெல்லாம் நல்லது. ஆனால் பிறந்த அந்தப் பிள்ளை நோயில் விழுந்தால் பக்கத்தில் இருக்க அந்தச் சட்டத்தில் தனியாகச் சம்பள விடுப்பு கிடையாது. ஆண்டு விடுப்பிலிருந்து வெட்ட வேண்டும், அதுவும் தீர்ந்தால் சம்பளத்தை இழக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்தோடு விடுப்பு என்ற கோரிக்கையை எழுதி வைக்கலாம். தோட்டக் கமிட்டி தன் அளவில் இன்னும் சிறிய காரியங்களைச் செய்யலாம். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக எந்த வண்டி, யார் ஓட்டுவது என்று முன்கூட்டியே மானேஜரிடம் பேசி முடிவு செய்யலாம். தோட்டத்து டிரஸ்ஸரிடம், மறுபடி காய்ச்சலோடு வருகிற பிள்ளையை மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு தாய் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவள் வீட்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட லயத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஆகாதா? அது காலங்காலமாக நம் சனங்கள் செய்து வருவதுதான்.

இந்தத் தாளை வெட்டி எடுத்து, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான், ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அடுத்த தோட்டக் கூட்டத்தில் வண்டி விஷயத்தையும் லீவு விஷயத்தையும் முதல் பேச்சாக எடுங்கள். உங்கள் தோட்டத்தில் என்ன முடிவாயிற்று என்பதை நமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.